நூல் புடவை

ஆரணி,
14.6.1996

அன்புத் தோழி அமிர்தாவுக்கு,

ஜெயம் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் சுகம். கோவை ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஓர் உதவி வேண்டும். எங்கள் பட்டுக்கடைக்கு மலேசியாவிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. அங்கே கடை வைத்திருக்கிற அம்மாள் எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். ஒரு கடிதத்தில் 'ஃபினிஷ்' என்கிறாள், அடுத்ததில் 'ஃபினிஷ் அப்', அப்புறம் 'ஃபினிஷ் ஆஃப்'. "எல்லாம் முடிக்கறதுதானே, இன்னாத்துக்கு இத்தினி வாலு? ஒரே பேஜாரா கீது" என்று இவர் என்மேல் எரிந்து விழுகிறார். என் சிநேகிதி இங்கிலீஷ் டீச்சர், கேட்டுச் சொல்கிறேன் என்று நான்தான் பெருமையடித்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்று.

உன் ஜெயம்


கோவை,
22.6.1996

அன்புள்ள ஜெயத்துக்கு,

பள்ளியில் என் நோட்டைப் பார்த்து எழுதினவள், இன்னும் விடவில்லை பார்!

உன் வீட்டுக்கார அண்ணாவுக்குத் தனித்தாளில் விரிவாக எழுதியிருக்கிறேன். உனக்குச் சுருக்கமாக. வேலை முடிந்தது என்று மட்டும் சொல்ல 'ஃபினிஷ்' போதும். பெரும்பகுதி ஆகிக் கொஞ்சம் பாக்கி நிற்கிறது, அதையும் செய்து தீர்ப்பது 'ஃபினிஷ் ஆஃப்'. கடை அடைக்கும் முன்னால் அங்கங்கே கிடப்பதை ஒழுங்குபண்ணி முடிப்பது 'ஃபினிஷ் அப்'. சேலை நெய்தாகிவிட்டது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டவில்லை என்றால் அது இன்னும் 'கம்ப்ளீட்' ஆகவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது.

அண்ணா எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பரீட்சைத் தாள் திருத்துவதைவிட இது எவ்வளவோ சந்தோஷம்.

அன்புடன்,
அமிர்தா


ஆரணி,
9.9.1996

அன்புள்ள அமிர்தாவுக்கு,

உன் கடிதங்கள் தவறாமல் வருகின்றன. கவரைப் பிரித்தால் இவருக்கு நான்கு பக்கம், எனக்கு நான்கு வரி.

தபால்காரர் வருகிற நேரத்துக்கு இவர் கடை வாசலில் வந்து நின்றுவிடுகிறார். "உன் ஃப்ரண்டு எவ்ளோ தெளிவா சொல்லிகீறாங்க பாரு" என்று எனக்கே படித்துக் காட்டுகிறார். நேற்று சாம்பார் கொஞ்சம் மிஞ்சியது. "ஃபினிஷ் அப் பண்ணிடு ஜெயம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. முதலில் அண்ணா என்று எழுதினாய். இப்போது 'அன்புள்ள அருணகிரி அவர்களுக்கு' என்று தொடங்குகிறாய். அண்ணன் எங்கே போனார்? சும்மாதான் கேட்டேன்.

ஜெயம்


கோவை,
20.10.1996

அன்புள்ள ஜெயத்துக்கு,

கடை விஷயமாக எழுதுவதால் 'அவர்கள்' போட்டேன். அதற்குப் போய்க் கோபமா? அவர் போனமுறை கேட்டதற்கு விடை: 'ஐ ஹேவ் டன் இட்' என்றால் செய்துவிட்டேன். 'ஐ ஆம் டன் வித் இட்' என்றால் இனி அது எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ. மலேசியா அம்மாளிடம் இரண்டாவதைச் சொல்லிவைக்கப் போகிறார், ஜாக்கிரதை!

தீபாவளிக்கு நீ அனுப்பிய நூல் புடவை வந்து சேர்ந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, எவ்வளவு அழகு! புழுவைக் கொன்று எடுக்கிற பட்டு வேண்டாம் என்கிற எங்கள் ஜைன வீட்டு வழக்கத்தை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டுக்கடைக்காரி நீ அதை நினைவு வைத்து நூல் புடவை தேடியிருக்கிறாயே! நேற்றே கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். எல்லோரும் பார்த்தார்கள்.

அன்புடன்,
அமிர்தா


ஆரணி,
27.10.1996

அமிர்தாவுக்கு,

அந்தப் புடவையை நான் அனுப்பவில்லை.

இவரிடம் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை. "நம்ம கல்யாணத்துல எல்லாரும் பட்டுல வந்தாங்க. அவுங்க மட்டும் நூல் புடவை கட்டிகினு ஓரமா உக்காந்துகினு இருந்தாங்க. அதான். பாடம் சொல்லித் தந்தாங்களே, ஒரு மரியாதை வாணாமா?" என்றார். என் கூறைப்புடவை என்ன நிறம் என்று கேட்டேன். யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். அது அவர் கடையிலிருந்தே வந்த புடவை, அமிர்தா.

நாளெல்லாம் பட்டு விற்கிற மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலூர் வரைக்கும் போய் நூல் புடவை வாங்கியிருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. பொறாமைதான், வேறென்ன பெயர் சொல்வது? நீ அதைக் கட்டிக்கொண்டாய் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல். நான் அனுப்பினேன் என்றா நம்பினாய்?

ஜெயம்


கோவை,
4.11.1996

ஜெயம்,

பார்சல்மேல் இருந்தது அவர் கையெழுத்து. தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். நீ அனுப்பினாய் என்று எழுதிவிட்டால் நானும் அப்படியே நம்பிவிடலாம் என்று பார்த்தேன்.

வேறு ஒன்றும் இல்லை, இருக்கவும் இருக்காது. ஆனால் என் கடிதத்துக்காக ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார் என்று நீ எழுதினாயே, அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஹாஸ்டலில் எனக்காக யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகிவிடும்.

புடவையை ஹாஸ்டல் ஆயாவுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அவருக்கு எழுதமாட்டேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன், நீ சரி என்றால்.

அமிர்தா


ஆரணி,
18.11.1996

என் அமிர்தாவுக்கு,

உன் கடிதம் வந்த நேரத்தில் நல்லவேளை இவர் கடையில் இல்லை, கவர் என் கைக்கு வந்தது. படித்ததும் முதலில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அன்றைக்கே இவரிடம் ஒரு பொய்யும் சொல்லிவிட்டேன். நீ வேலையை விட்டுவிட்டாய், வடக்கே எங்கேயோ போய்விட்டாய், புது விலாசம் எனக்கே தெரியாது என்று. "அப்டியா" என்றார். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனார்.

அதைப் பார்த்து எனக்கு அப்பாடா என்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தீபாவளிக்குள் அவர் சரியாகிவிட்டார். பஜாரில் டைப் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் ஒருவர் மலேசியாவுக்குப் பதில் எழுதித் தருகிறார். கடை நடக்கிறது. நான்தான் சரியாகவில்லை. முந்தாநாள் தபால்காரர் மணி அடித்ததும் ஓடினவள் நான். அத்தனை மாதமும் அந்த நான்கு வரிக்காக நானும்தான் காத்திருந்திருக்கிறேன். இவரை உன்னிடம் விட்டுவிடுவேனோ என்று எரிந்தது பாதி. உன்னை இவரிடம் விட்டுவிட்டேனே என்று எரிந்தது மீதி.

எனக்கு மட்டும் எழுதுகிறேன் என்கிறாய். எழுது என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் கையெழுத்தில் ஒரு கவர் வந்தால் நான் சொன்ன பொய் இவருக்குத் தெரிந்துவிடும். இங்கே வருகிற கடிதம் எல்லாம் முதலில் கடைக்குத்தான் போகிறது. வேறு எங்கே எழுதச் சொல்வேன், அமிர்தா? எனக்கென்று தனியாக ஒரு விலாசம் கிடையாது.

உன்,
ஜெயம்