எட்டாம் வகுப்பில் எதிர்காலம்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே வெயில். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதம் ஆகப்போகிறது. மாமிக்கும் சவூதியில் இருக்கும் அவர் மகன், என் மச்சானுக்கும் மட்டும் தெரியும். போன தடவை தெரிந்த அன்றே ஸ்டாஃப் ரூமுக்கு லட்டு கொண்டுபோனேன். மூன்றாம் மாதம் எல்லாம் போயிற்று. மாமி இன்னும் விடவில்லை: "வவுறு தெரியிற வரைக்கும் வாயத் தொறக்காதன்னு சொன்னேன். கேட்டியா?"

வாங்க: எலுமிச்சை, மாமிக்கு பிரஷர் மாத்திரை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
பள்ளிக்கூடக் குழாயடியில் மறுபடி வாந்தி. வாயைக் கொப்பளித்துவிட்டு எட்டாம் வகுப்பு. ஆங்கில எதிர்காலம். மனதில் தோன்றுவதற்கு 'வில்'. அடையாளம் கண்ணெதிரே தெரிந்தால் 'கோயிங் டு'. போர்டில் கருமேகம் வரைந்தேன். இட் இஸ் கோயிங் டு ரெயின். ஆளுக்கொரு உதாரணம் கேட்டேன்.

நிவேதா எழுந்தாள். சமத்துப் பிள்ளை. "மிஸ் இஸ் கோயிங் டு ஹேவ் எ பேபி." அடையாளத்தையும் அவளே சொன்னாள்: "நேத்தும் இன்னிக்கும் வாந்தி எடுத்தீங்க மிஸ். எங்கக்காவும் இப்படித்தான்."

வகுப்பே "ஹே!" என்று கத்தியது. "வாய மூடு! உக்காரு!" என்று கத்தினேன். அழுதாள். சொல்லியாகிவிட்டது. இத்தனை வாய். யா அல்லாஹ்.

ஆகஸ்ட் 6, புதன்
விடிந்ததும் ஒரு பொட்டு ரத்தம். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ரத்தம்தான். லீவு சொன்னேன்.

"யாருட்ட சொன்ன?" என்றார் மாமி. யாரிடமும் இல்லை என்றேன். உண்மைதான், ஆனால் பொய் சொன்ன மாதிரியே இருந்தது. மச்சான் போனில்: "நாளைக்கு ஸ்கேன் பாத்துரு. ஒண்ணும் ஆவாது, இன்ஷா அல்லாஹ்." அவர் குரலும் சரியில்லை. வாளி தூக்கவில்லை. இருமக்கூடப் பயம்.

ஆகஸ்ட் 7, வியாழன்
ஸ்கேன். டாக்டரம்மா கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, சுவரில் பல்லி.

"துடிப்பு இருக்கும்மா. வேலைக்குப் போகாம ரெஸ்ட் எடுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம்."

"அதுவரைக்கும் இருக்குமா டாக்டர்?"

"இப்ப இருக்கு." மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
மழைக்கான அறிகுறியே இல்லை. லீவு லெட்டரை நேரில் கொடுக்கச் சொன்னார்கள். ஆட்டோவை மெல்ல ஓட்டச் சொல்லிப் போனேன். வந்ததற்கு எட்டாம் வகுப்பையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

நிவேதா தலை நிமிரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "நீ ஒரு உதாரணம் சொல்லும்மா" என்றேன். எழுந்தாள். என் வயிற்றை ஒரு தரம் பார்த்தாள், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இட் இஸ் கோயிங் டு ரெயின், மிஸ்."

வெளியே சுள்ளென்று வெயில். ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரிதான், உக்காரு" என்றேன்.