காற்றைப் பிரிக்கும் கொக்கி

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனக்குச் சௌக்கியமில்லை என்று படியேறும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சளி விட்டதா என்று எழுது, அனுப்பிய ஸ்வெட்டரின் கை நீளமாக இருந்தால் வெட்டிவிடாதே, மடித்துத் தை, வளர்கிற பிள்ளை. உன் கடிதம் வந்தது. மாமாவை மன்னித்துவிடும்மா, உனக்கு இருப்பது ஒரே தம்பி என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு மடித்து வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன், கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன், உன் மனசு அவன் பக்கம் சாய்வதில் தப்பில்லை. ஆனால் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்.

நீ போன தடவை வந்தபோது ஷெட்டில் வெறும் அலுமினியச் சட்டம்தான் கிடந்தது, இப்போது அது முழு கைரோபிளேன், ஒரே ஆள் உட்கார்ந்து பறக்கிற குட்டி விமானம். பின்னால் பழைய கார் எஞ்சின், அதில் ஒரு விசிறி, முன்னால் ஒரு நாற்காலி, நடுவே ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் இரண்டு நீள இறக்கை. அந்த இறக்கைக்கு எஞ்சின் கிடையாது, பின்னால் இருக்கும் விசிறி வண்டியைத் தள்ளத் தள்ள எதிர்க்காற்றே அதைச் சுற்றிவிடும் என்று நான் சொன்னபோது உன் அப்பாவே, எஞ்சின் இல்லாம எதுவும் சுத்துறத நம்ம வீட்ல நான் பார்த்ததில்லையே, என்னைத் தவிர, என்றார். அவராவது பரவாயில்லை, சிரித்துக்கொண்டே ஸ்பானரைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். உன் மாமா என்ன சொன்னான் தெரியுமா? தன் பட்டறை ஆட்கள் எல்லார் முன்னாலும், ஒட்டடைக்குச்சி துணி காயப்போட ஸ்டாண்டு செய்யுது, பெரிய ஸ்டாண்டு, ஊர்த் துணி எல்லாம் காயும், என்றான். ஒட்டடைக்குச்சி நான்தான், அவ்வளவு ஒல்லியாம். நான் அவனுக்கு அக்கா என்பது முதலாளி ஆன அன்றே அவனுக்கு மறந்துவிட்டது. தாத்தாவிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெல்டிங் கற்றோம், என் கைதான் நேராகப் போகும் என்று தாத்தாவே சொல்வார். அவர் போனதும் பட்டறைப் பெயர்ப்பலகையில் இவன் பெயர் ஏறியது, என்னிடம், நீ உட்கார்ந்து பில் போடு, போதும், என்றான். அன்று இறங்கி வந்தவள்தான், இந்த ஞாயிறு வரை அந்தப் படியை நான் மிதிக்கவில்லை.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோமே, அப்போது பழத்தோடு பார்க்க வந்து, ஷெட்டுச் சாவியக் குடு, யாராவது எதையாவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க, நான் பார்த்துக்கறேன், என்றான். எனக்கும் மனசு இளகியிருந்த நேரம், கொடுத்துவிட்டேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து இரண்டு மாசத்தில் உன் அப்பா பேப்பரைப் புது மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, இங்க பாரேன், உன் வண்டிய உன் தம்பி ஓட்டுறான், என்றார். போட்டோவில் அச்சு அசல் என் வண்டி, நிறம் மட்டும் சிவப்பு. சொந்தச் சிந்தனையில் உருவான விமானமாம். எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள், தற்செயலாக இருக்கும் என்று உன் அப்பா சமாதானம் ஆரம்பித்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஒரு கொக்கி தெரிகிறதா பாருங்கள் என்றேன். அது நான் ஷெட்டில் வேலை செய்யும்போது எறும்பு ஏறாமல் சாப்பாட்டுப் பையை மாட்டி வைக்க வெல்டு வைத்த கொக்கி. உலகத்தில் எந்த விமானத்துக்கும் அது கிடையாது. அவன் அதையும் அளவெடுத்து, அதே வளைவோடு வைத்திருக்கிறான், இது என்ன என்று நிருபர் கேட்டதற்கு, காற்றைப் பிரித்து அனுப்பும் கொக்கி என்று சொல்லியிருக்கிறான். அச்சில் வந்திருக்கிறது, கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன்.

சிரிக்காதே, இனிமேல்தான் விஷயம். இந்த வண்டி பறக்கும்போது இறக்கையிலிருந்துதான் தொங்குகிறது. அதனால் பறப்பதற்கு முன்னால், ஓட்டுகிறவரை நாற்காலியில் வைத்து, இறக்கையைக் கம்பத்தோடு பிணைக்கும் உச்சி ஆணியில் சங்கிலி மாட்டி வண்டியை அப்படியே தூக்கித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நின்றால் சரி, ரொம்பத் தாழ்ந்தால் ஆணித் துளையை முன்னால் நகர்த்த வேண்டும். என் துளை என் எடைக்குப் போட்டது, ஒட்டடைக்குச்சியின் எடைக்கு. உன் மாமாவை உனக்குத் தெரியும், அவன் உட்கார்ந்தால் சோபாவே பெருமூச்சு விடும். அவனை வைத்து என் துளையில் பறந்தால், இறங்கும்போது வண்டியைத் திருப்பும் குச்சியை எவ்வளவு பின்னால் இழுத்தாலும் மூக்கு நிமிராது, நேரே தரையில் குத்தும். கொக்கியையே விடாமல் எடுத்தவன் துளையை மட்டும் விட்டிருப்பானா? அடுத்த ஞாயிறு எல்லாரையும் கூட்டி வைத்துப் பறக்கப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்தது.

நான் சொல்லவில்லை. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், விழட்டும் என்றுதான் இருந்தேன். துணி துவைத்தேன், வெங்காயம் நறுக்கினேன், இரண்டு தடவை அவன் வீட்டுப் பக்கமாகக் கடைக்குப் போனேன், வாயைத் திறக்கவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் துளை விஷயம் தெரியும், சொல்லிடேன், சொல்லிடேன், என்று என் பின்னாலேயே சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பட்டறை முற்றத்தில் ஒரே கூட்டம். நிருபர், கவுன்சிலர், பக்கத்துக் கடைக்காரர்கள், புதுச் சட்டையில் உன் மாமா. நான் நேரே போய், தொங்கவிட்டுப் பார்த்தாச்சா, என்று கேட்டேன். அவனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை, முகத்திலேயே தெரிந்தது, ஆனாலும், அதெல்லாம் பார்க்காமலா, என்றான். நிருபர் பையன் நல்லவன், எங்களுக்கும் ஒரு தடவை காட்டுங்க சார், போட்டோ எடுத்துக்கறேன், என்றான். கவுன்சிலரும் காட்டுங்க என்றார். மாட்டிக்கொண்டான். எஞ்சின் தூக்கும் உத்தரத்துச் சங்கிலியை நானே ஆணியில் மாட்டினேன், பெல்ட்டையும் நானே இழுத்துக் கட்டினேன், அதில் மட்டும் குறை வைக்கவில்லை. சங்கிலியை இழுக்க இழுக்க வண்டி தரையை விட்டது, விட்ட உடனே மூக்கு கவிழ்ந்தது, உன் மாமா கிணற்றை எட்டிப் பார்க்கிறவன் மாதிரி தலைகுப்புற நின்றான். அவன் மூக்குக் கண்ணாடி கழன்று கீழே இருந்த பழைய எண்ணெய்த் தட்டில் விழுந்தது. கூட்டம் முதலில் பயந்து, அப்புறம் சிரித்தது. நான் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டு, இப்படித்தான் மேலேயும் நிற்கும், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், என்றேன். அக்கா, இறக்கி விடு, என்றான். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை! காதில் விழாத மாதிரி இருந்தேன். அந்தக் கொக்கி எதற்கு என்று கேட்டேன். கையை நீட்டிச் சட்டத்தைப் பிடிக்கப் பார்த்தான். மறுபடி கேட்டேன். உன் சாப்பாட்டுப் பை மாட்டுற கொக்கி அக்கா, உன் வண்டியப் பார்த்துத்தான் செஞ்சேன், இறக்கி விடு அக்கா, என்று முற்றத்துக்கே கேட்கும்படி சொன்னான். நிருபர் எழுதிக்கொண்டதைப் பார்த்த பிறகு மெதுவாக இறக்கினேன்.

இப்போது தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை, கூடப் பிறந்த பாசம் விட்டுப்போகுமா, தம்பி உயிரைக் காப்பாற்றிவிட்டாள் என்கிறார்கள். உன் அப்பாவும் அப்படித்தான் நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீயும் நினைத்துவிடாதே. ஞாயிறு காலையில் எனக்குத் தோன்றியது வேறு. இவன் விழுந்து செத்தால் பறக்கும்போதே போன மேதை என்று பேப்பரில் பெரிதாகப் போடுவார்கள், என் வண்டி காலத்துக்கும் அவன் வண்டி ஆகிவிடும், முதல் ஆளாக நான்தான் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அதற்கு அப்புறம் அவனை ஒரு வார்த்தை திட்ட முடியுமா? செத்தவனை யார் திட்ட விடுவார்கள்? அவன் இருக்க வேண்டும் சின்னு, நல்ல ஆயுசோடு இருக்க வேண்டும், எனக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது.

நேற்று வந்து வாசலில் நின்று, என் எடைக்குத் துளை போட்டுக் குடு அக்கா, என்றான். போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஒரே நிபந்தனை, கொக்கியை வெட்டக் கூடாது. வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்க வேண்டும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க என் ஆசி, பிள்ளைக்கு என் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாமா உனக்குப் போன் போட்டு அழுவான், எடுத்துப் பேசு, பாவம், ஆறுதலாக நாலு வார்த்தை சொல். வைக்கும் முன்னால் மறக்காமல், அது என்ன கொக்கி மாமா என்று ஒரு வார்த்தை கேள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா