குறை எழுதிக் காப்புப் பெற்ற விளக்குகள்

திரு நிலைபெறுக. அலையும் மலையும் ஒருங்கே எல்லையாகக் கொண்ட கடம்பவாய் நாட்டின் கோப்பெருந்தேவியார், செங்கோல் வழுவாத நன்னுதல் மாதேவியார் திருமுன்பிருந்து, வெண்சங்குத் தீவின் அரசியாரும் தேவியாரின் ஒரே திருமகளாருமாகிய அல்லியங்கோதை நாச்சியார் திருக்கைக்கு விடுக்கும் ஓலை. தீவும், தீவைச் சூழ்ந்த கடலும், நாச்சியார் திருவயிற்றில் வளரும் செல்வமும் நலமே வாழ்க. எழுதுகிறவன் ஓலைநாயகம் சாத்தன் விண்ணன். கலம் புறப்படுமுன் துறையில் நின்றே விரைந்து எழுதுவதால் எழுத்து அங்கங்கே ஆடியிருக்கும், நாச்சியார் பொறுத்தருள்க.

தேவியார் தம் கன்னிப் பருவம் தொட்டு ஆசை ஆசையாய்ச் சேர்த்த விளக்குகள் யாவும் இவ்வோலை வரும் கலத்திலேயே வருகின்றன. ஆனால் அவை புறப்பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் அடியேனுக்கு உண்ட சோறு செரிக்காது.

தலைப்பிள்ளையின் முகத்தை முதன்முதல் தாய்வீட்டு விளக்கொளியில் பார்ப்பது நம் குலத்து வழக்கம் என்பதை நாச்சியார் அறிவார். அரியணையை விட்டுக் கடல் கடந்து வர இயலாத தேவியார், தாம் வராவிடினும் தம் விளக்குகள் வரவேண்டும் என்று துடித்தார். அவைக்களத்துப் பெரியோரோ, கடற்காப்புக் கணத்தாரின் முத்திரை பெறாமல் அரண்மனைப் பொருள் ஒன்றும் கப்பலேறலாகாது என்று பிடித்த பிடியில் நின்றனர். கலம் கவிழ்ந்தால் ஈடு செய்வோர் அக்கணத்தார்; கரை சேர்ந்தால் எது தாய்வீட்டுப் பொருள், எது புகுந்தவீட்டுப் பொருள் என்று பின்வரும் தலைமுறைக்கும் சான்று காட்டுவது அவர் எழுதும் பட்டயம். ஆகவே தேவியாரும் இசைந்தார்.

இனி, அக்கணத்தாரின் வழக்கம் விந்தையானது. பொருளின் அழகை அவர் எழுதார். அழகான அன்ன விளக்கு ஆயிரம் வீட்டில் இருக்கும், மூக்கு மழுங்கிய அன்னம் ஒரு வீட்டில்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. கீறல், நெளிவு, ஒட்டு ஆகிய குறைகளைப் பார்த்தே பொருளை இன்னாருடையது என்று எழுதி முத்திரை இடுவர். குறை காணாத பொருளுக்குக் காப்பும் இல்லை.

இதை அறிந்தும் அறியாதவர்போல் ஒருவர் செய்த காரியத்தைக் கேட்டருள்க. நம் கன்னார் தலைவர் வெண்காடனார் வெண்கல வேலையில் கைதேர்ந்தவர். ஆயினும் மானம் சற்று மிகுந்தவர். வெளியார் வந்து நம் தேவியார் பொருளில் குறை எழுதுவதா என்று கொதித்து, தம் ஆட்களைத் திரட்டி, எல்லா விளக்கையும் தட்டிச் சீராக்கி, ஒட்டி, அரம் போட்டு, புளியிட்டுத் துலக்கி, கண் கூசும்படி வரிசையாக நிறுத்திவிட்டார். நிறுத்தியதோடு அமையாமல், பரிசு கிடைக்கும் என்று வாசலில் காத்தும் நின்றார்.

கணத்தின் நோட்டக்காரர் நக்கனார் வந்தார். விளக்குகளை ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்தார், திருப்பினார், வைத்தார். கடைசியில் எழுத்தாணியை உறையில் செருகிவிட்டு, இவை நேற்று வார்த்த விளக்குகள்போல் இருக்கின்றன, இவற்றுள் எழுதத்தக்க குறை ஒன்றும் காணேன், தேவியார் மன்னிக்க என்று வணங்கினார். அந்நேரம் பார்த்தா மீகாமனின் ஆள் ஓடிவர வேண்டும்? அந்திக்குள் காற்று மாறிவிடும், அதன்பின் பருவம் கழியும்வரை தீவுக்குக் கலம் ஓடாது என்று அவன் மூச்சிரைக்கச் சொன்னான். நாச்சியாரின் பிள்ளை அதற்காகக் காத்திருக்குமா? தேவியாரின் முகம் வெளுத்ததை அடியேன் கண்டேன். வெண்காடனாரின் முகம் அதைவிட வெளுத்தது.

தேவியாரின் சினம் நாச்சியாருக்குப் புதிதன்று. அது எழுந்தது, ஆனால் வெண்காடனார் மேல் பாயவில்லை. விளக்கை எல்லாரும் துடைத்துப் பார்க்கிறீர்கள், திருப்பிப் பார்க்கிறீர்கள், ஏற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டு, கூடத்துக் கதவுகளையும் பலகணிகளையும் பட்டப்பகலிலேயே அடைக்கச் சொல்லி, எண்ணெய்க் குடத்தைத் தம் கையாலேயே தூக்கினார். அடியேன் திரி திரித்தேன். அவைக்களத்துப் பெரியோரும் மேலாடையை இடுப்பில் வரிந்துகொண்டு எண்ணெய் வார்த்தனர். இப்படியொரு காட்சியை இந்த அரண்மனை கண்டதில்லை.

நாச்சியாரே, என்ன சொல்வேன்! பேழைக்குள் உறங்கிக் கிடந்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் விழித்தன. வெண்காடனாரின் அரம் வெளிப்புறத்தைத்தானே தொட்டது? அன்ன விளக்கின் சுடர் நேரே நில்லாமல் இடப்பக்கம் சாய்ந்தது. யானை விளக்கின் பின்னங்காலில் இருந்த பழைய விரிசல் வழியே எண்ணெய் கசிந்தது. மேற்கடல் வணிகர் தந்த நெடுவிளக்கு கிழவரைப்போல் இருமி இருமி எரிந்தது. தேவியார் கைகொட்டிச் சிரித்தார். நக்கனாரும் எழுத்தாணியை உருவிக்கொண்டு, சுடர் சாய்வதும் குறையே, எண்ணெய் கசிவதும் குறையே என்று கூவிக் கூவி எழுதினார். குறை தென்படுந்தோறும் கூடமே ஆரவாரித்தது. வெண்காடனார்தாம் எல்லாரினும் உரக்கக் கூவினார்.

இறுதியில் எஞ்சியது ஒரு சிறு கைவிளக்கு. தேவியாரை ஈன்ற அன்னையார் கொடுத்தது. நாச்சியார் பிறந்தபோது நாச்சியாரின் முகம் பார்த்ததும் அதே விளக்கில்தான். பிள்ளை முகம் பார்க்க உரியதும் அதுவே. அதை ஏற்றினர். சுடர் ஆடாமல் அசையாமல் நேரே நின்றது. துளி கசியவில்லை. நக்கனார் நெடுநேரம் பார்த்தார். கண் கலங்க, இதில் குறை இல்லை தாயே, எழுத வழியில்லை என்றார். ஆரவாரம் அடங்கிப்போயிற்று. கலம் புறப்படத் துறையில் சங்கு ஊதிவிட்டனர்.

தேவியார் விளக்கை அணைத்தார். வெண்காடனாரின் இடுப்பில் இருந்த உளியையும் சுத்தியலையும் வாங்கினார். அவர் பதறிக் கண்களைப் பொத்திக்கொண்டார். தம் அன்னையின் விளக்கை மடியில் வைத்து, அதன் விளிம்பில் தேவியார் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். கை வலித்ததோ நெஞ்சு வலித்ததோ, தேவியாரின் கண்ணில் நீர் நின்றது, இதழிலோ சிரிப்பு. நக்கனார் எழுதினார்: கைவிளக்கு ஒன்று, விளிம்பில் ஒரு வெட்டு, வெட்டியவர் உடையவர். முத்திரை விழுந்தது. அதன்பின் நாங்கள் துறைக்கு ஓடிய ஓட்டத்தில் அடியேனின் தலைப்பாகை போன இடம் இன்னும் தெரியவில்லை.

ஆகவே தேவியார் திருவாய் மொழிந்தருளும் ஆணை இது. பட்டயத்தைப் பார்த்தெழுதிய படி ஒன்று இதனுடன் வருகிறது. அதைத் தீவின் குலப் பேழையில் வைக்க. விளக்குகளைப் பேழையில் வைக்கற்க, நாள்தோறும் ஏற்றுக. பிள்ளை பிறந்ததும் கைவிளக்கை ஏற்றி முகம் பார்க்குங்கால், பிடிப்பவர் எவராயினும் தம் பெருவிரலை அவ்வெட்டின்மேல் வைத்துப் பிடிக்க. அங்கே வரமுடியாதவளின் கை அது என்று கொள்க. அவ்வெட்டை எக்காலத்தும் எக்கைவினைஞரும் சீராக்கலாகாது.

இதை மாற்றுவோர் விளக்கில்லா வீட்டில் விருந்துண்ணக் கடவர். காப்போர் பிள்ளை முகங்கள் பல காணக் கடவர். தேவியாரின் கணையாழி பதித்து, மீகாமன் கையில் தந்தோம். இது தேவியார் ஆணை.

ஆணைக்குக் கீழே தேவியார் தம் கைப்பட எழுதியது: மகளே, முகம் யார் சாயல் என்று உடனே எழுது.