நல்ல குப்பை

மார்ச் 3

ஜூஸ் கம்பெனியிலிருந்து மாதுளைத் தோல் மூட்டைகள் வந்தன. புளித்த வாடை. எங்கள் ஆய்வகத் தலைவர் மேடையார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்தக் கருமத்தை யாரு உள்ள விட்டது?” என்று கத்தினார். ‘குப்பையில் ஆரோக்கியம்’ என்று ஊர் ஊராகப் பேசுகிற மனிதர்! வீணாகும் தோலில் இதயத்துக்கு நல்லது செய்யும் சத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. குப்பையைப் பார்த்ததே இன்றுதான் போல.

மார்ச் 5

கடையிலிருந்து இரண்டு பெட்டி நல்ல மாதுளை வரவழைத்துவிட்டார். “தோல் எங்கிருந்து வந்தா என்னம்மா? தோல் தோல்தானே?” லேப் முழுக்க உட்கார்ந்து உரித்துத் தின்றது. முத்து வயிற்றுக்கு, தோல் ஆராய்ச்சிக்கு. எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினார்கள். தொடவில்லை. வெட்கம் கெட்ட கூட்டம்.

மார்ச் 11

கடைப் பழத்தின் தோலில் சத்து கொட்டிக் கிடக்கிறது. மூட்டைத் தோலையும் நானாகச் சோதித்தேன். கால்வாசிகூட இல்லை; போதாததற்குப் பூஞ்சை. கொண்டுபோய்க் காட்டினேன்.

“அது கெட்டுப்போன குப்பைம்மா. நமக்கு வேண்டியது நல்ல குப்பை.”

நல்ல குப்பையாம்!

மார்ச் 18

அறிக்கையில் மூட்டையைப் பற்றி மூச்சில்லை. என் கையெழுத்து வேண்டுமாம். மாட்டேன் என்றேன். இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது அவர் கையில். வீட்டுக்காரருக்கோ வேலை இல்லை. “ஊருல இல்லாத நியாயம் உனக்கு மட்டும் எதுக்கு?” என்கிறார். இவரையும்தான் சேர்த்துச் சொல்கிறேன் — தூ!

மார்ச் 20

போட்டுவிட்டேன்.

ஜூன் 12

கம்பெனி முதலாளி கொதித்துப்போய் வந்தார். “நீங்க அறிக்கையில எழுதினபடிதான் எங்க தோலைப் பொடி செஞ்சோம். பொடியெல்லாம் பூஞ்சை!” மேடையார் அசரவில்லை. “உங்க குப்பை தரமில்லைங்க. நல்ல பழமா வாங்கி உரிங்க.” முதலாளி தலையாட்டுகிறார்! ஜூஸைவிடத் தோல் பொடிக்குத்தான் விலை அதிகமாம்; ஜூஸையே நிறுத்திவிடப் போகிறாராம். முத்துக்களை என்ன செய்வார்கள்? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லையே?

செப்டம்பர் 2

புதுத் திட்டம் வந்திருக்கிறது: தோல் உரித்தபின் வீணாகும் மாதுளை முத்துக்களில் ஆரோக்கியம். பொறுப்பு எனக்கு. தனி அறை, மூன்று வருட ஒப்பந்தம்.

முதல் வாளி இன்று வந்தது. கொஞ்சம் புளித்த வாடை.

“கடையில நல்ல பழம் வாங்கிடவா மேடம்?” என்று புதுப் பெண் கேட்டாள்.

“இரண்டு பெட்டி” என்றேன்.

ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்.