பிஸ்கட்டுக்கு விழுந்த ஓட்டு

அன்ஸ் கிளேர்
திங்கட்கிழமை

ஆண்டவருடைய தயவில் என் மகள் வெர்லினுக்கு அம்மா எழுதுவது.

பர்மிங்காமில் குளிர் குறைந்ததா? ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு இன்னும் இரவு வேலைதான் போடுகிறார்களா? இங்கே இருவரும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, அப்பா வெள்ளிக்கிழமையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. சுட்ட ஈரப்பலாவும் கருவாடும் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார். இடைத்தேர்தலில் தோற்றுவிட்டார், மகளே. பதினோரு ஓட்டில்.

ஜெயித்தால் முதல் வேலையாக, பூட்டிக் கிடக்கும் நம் ஊர்ச் சுகாதார நிலையத்தைத் திறக்க வைப்பேன் என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தார். அது திறந்தால் நர்ஸ் வேண்டும்தானே. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தோற்றதுகூட எனக்கு ஆறிவிடும். செல்லாத ஓட்டு முப்பத்துநாலு என்றார்களே, அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

எல்லாம் பெயரால் வந்த வினை. நம் தீவில் யார் யாரை ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? உன் அப்பா நடக்கப் பழகிய நாளிலிருந்து பிஸ்கட். கோயிலில் சாமியார்கூட, “பிஸ்கட், அந்தக் கதவைச் சாத்துப்பா” என்பார். வாக்குச்சீட்டில் அத்தனேசியஸ் ப்ராஸ்பர் என்றுதான் வரும், சுவரொட்டியில் இரண்டு பெயரையும் போடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாரா? ஆளுங்கட்சிக்காரன் வீட்டுக்கு வீடு கூரைத் தகடு இறக்கியது போதாதென்று, மேடையில், “பிஸ்கட்டை டீயில ரெண்டு முக்கு முக்குங்க, ஆளே இருக்கமாட்டான்!” என்று கத்திவிட்டான். சனங்கள் வயிறு பிடித்துச் சிரித்தார்கள். அதிலிருந்து இவருக்கு ரோஷம். “பார்லிமென்ட்டுக்குப் போறவன் பிஸ்கட்டாவா போவான் ஃபிலோ?” என்று கோட்டும் டையுமாகப் படம் பிடித்து, ஞானஸ்நானப் பெயரை மட்டும் போட்டு ஒட்டினார். சந்தையில் மீன்காரிகள், “யாருடி இது, புதுசா வந்த டாக்டரா?” என்று கேட்டார்கள். நம் ஒலிபெருக்கி வண்டியோ, “பிஸ்கட்டுக்கே உங்கள் ஓட்டு” என்று தெருத்தெருவாகப் போனது.

சனிக்கிழமை அடுத்த வீட்டு மிஸ் குளோட்டில் வந்தாள். வாயெல்லாம் சிரிப்பு. “ஃபிலோ, இத்தனை வருஷம் ஓட்டுச்சீட்டுல பெருக்கல் குறி போட்டுட்டு வந்தேன். யாரு போட்டதுன்னு எவனுக்குத் தெரியும்? இந்தத் தடவை அவன் பேரைத் தேடினேன், காணோம். விடுவேனா? கொட்டை எழுத்துல நானே எழுதிட்டேன், பிஸ்கட்டுன்னு! நம்ம பைபிள் கூட்டத்துப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் அப்படியே எழுதுங்கடின்னு சொல்லியும் வச்சேன்” என்றாள்.

பள்ளிக்கூட வாசல் மிதிக்காத நான் தட்டுத் தடுமாறிக் கற்ற எழுத்தைத்தான் அந்தக் கூட்டத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சீட்டில் குறியைத் தவிர எழுத்து இருந்தால் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்ல? “ஏதாவது தப்பு விட்டுட்டேனா?” என்று பயந்துபோய்க் கேட்டாள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை அக்கா என்றேன். அது உண்மைதானே. அவள் போன பிறகு அடுப்படியில் கோபத்தில் இரண்டு பாத்திரத்தை உருட்டினேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசு. தேர்தலைப் பற்றி வேண்டாம்.

இன்னொன்று. ஜெயித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் உன் அறை ஜன்னலுக்கு மஞ்சள் பூப்போட்ட திரைத்துணி வாங்கித் தைத்து மாட்டிவிட்டேன். கணக்கில் அதைத் தேர்தல் செலவு என்றே எழுதினேன். தோற்ற மறுநாள் கழற்றப் போனேன். அப்பா வாசற்படியில் நின்று, “இருக்கட்டும் விடு, வெயில் அடிக்குதுல்ல” என்றார். அந்த அறையில் யாரும் இல்லை, வெர்லின். திரை அப்படியே இருக்கிறது.

நீ போனபோது துணையாய் வந்த ஆண்டவர், திரும்பும் வழியிலும் துணை வருவாராக.

உன் அம்மா,
ஃபிலோமினா ப்ராஸ்பர்