கடைசிப் பாட்டு யாருக்கு

2003 ஜனவரி 19, ஞாயிறு

நேற்று மொன்றியலில் லாசால் பாடசாலை மண்டபத்தில் பொங்கல் நிகழ்ச்சி. ரிக்கெற்றில் ஐந்தரை மணி என்று போட்டிருந்தது. ஐந்தரை என்றால் ஏழு என்று நம் சனத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் வெறுங்கதிரைகளுக்குப் பாடுவதற்கு ஒருவர் வேண்டும். இந்த முறை எங்கள் பாட்டுக்குழுவை நடத்தும் அருமைராசா ஷெரோன் என்றொரு பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள், வயது இருபத்திரண்டு, கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை. இரண்டு பாட்டு என்று மேடையில் ஏறியவள் நான்கு பாடிவிட்டு இறங்கினாள். சனம் கேட்டதாம்.

சனம் கேட்டதா, கேட்க வைத்தார்களா?

கடைசிப் பாட்டு வழக்கம்போல என்னுடையது. குழு தொடங்கிய நாளிலிருந்து, பத்து வருடமாக, தியாகலிங்கம் பாடித்தான் நிகழ்ச்சி முடியும். நேற்று நான் சரணத்துக்குப் போகும்போது மூன்றாம் வரிசையில் ஜக்கெற் சிப் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு நான்காம் வரிசை. பாட்டு முடியும்போது பாதி மண்டபம் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நின்றது. பனி கொட்டப்போகிறது, அதுதான் சனம் அவசரப்பட்டது என்று அருமைராசா சமாதானம் சொன்னார். மனிதர் பகலில் காப்புறுதி விற்பவர், சமாதானம் சொல்வதுதான் அவர் தொழில்.

ஜனவரி 21, செவ்வாய்

விசாரித்தேன். சனிக்கிழமை கொட்டிய பனி ஒரு விரல் உயரம்கூட இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

ரொக்ஸ்பரோவில் கிறகரி வீட்டு பேஸ்மென்றில் பயிற்சி. கிறகரி மன்னார் ஆள். முதல் நாளிலிருந்து எனக்கு கீபோட் வாசிப்பவன். அதிகம் கதைக்கமாட்டான். அதிகம் கதைக்காதவர்களைப் பற்றி இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன். மிக்சரும் அவன் கைக்குள்தான் இருக்கிறது. ஷெரோன் பாடும்போது அவன் கை எந்தக் குமிழுக்குப் போகிறது என்று இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் போகவில்லை. நான் பார்ப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் மைக் கரகரக்கிறது என்று சொல்லி அவளுடையதை வாங்கினேன். உடனே தந்தாள். என் மைக்கில் பாடினாள், பேஸ்மென்றே நிறைந்தது. ஆக, மைக்கில் பிழை இல்லை. பிழை வேறெங்கோ இருக்கிறது, கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுதவே வராது! பாட்டையெல்லாம் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். இடைவேளையில் என்னிடம் வந்து, அங்கிள், ஏக்கம் எண்டா என்ன என்று கேட்டாள். பேந்து சொல்லுறன் என்றேன். சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

தவக்காலம் தொடங்குமுன் ஒரு நிகழ்ச்சி வைத்துவிட வேண்டும் என்று நேற்றுத் தேவாலய மண்டபத்தில் வைத்தார்கள். ஐந்து இருபதுக்குப் போனேன். கார் விட இடமில்லை. மொன்றியலில் தமிழ்ச்சனம் ஐந்தரைக்கு வந்து கதிரையில் இருப்பதை நேற்றுத்தான் என் கண்ணால் கண்டேன். ஷெரோன் மேடைக்கு வரும்போது பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

இதில் சூது இல்லாமல் இருக்க முடியாது. இரண்டு பேரிடம் ரிக்கெற் வாங்கி வந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிலருக்கு மட்டும் வேறு நேரம் அடித்திருக்கலாம் அல்லவா? இரண்டிலும் ஐந்தரைதான். யோகராணி எட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். மனைவி என்றால் ஏதாவது கேட்க வேண்டும். கேட்கவில்லை.

கடைசிப் பாட்டுக்கு நான் ஏறும்போது எனக்கு முன்னால் இருந்தது அரை மண்டபம்.

மார்ச் 4, செவ்வாய்

அருமைராசா ரெலிபோன் எடுத்தார். சுகம் விசாரித்தார், கால் நோ விசாரித்தார். பிறகுதான் விசயத்துக்கு வந்தார். மே மாதம் குழுவின் பத்தாவது ஆண்டு நிகழ்ச்சி.

"அண்ணை, பிள்ளையைக் கடைசியில விடுவமோ? சனம் எழும்பாமல் இருக்கும்."

"நான் நிக்கும்வரைக்கும் கடைசிப் பாட்டு என்ரதான்" என்றேன்.

சரி அண்ணை, மே மாதம் நீங்களே பாடுங்கோ, அதைப் பார்த்துப் பிறகு முடிவெடுப்பம் என்றார். முடிவை எடுத்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார், எனக்கு விளங்காதா? மேயில் சனம் எழும்பினால் என் கதை முடிந்தது. புவாண்ட்-கிளேர் கிடங்கில் போர்க்லிப்ற் ஓட்டுகிற ஐந்து நாளும் நான் யாரோ ஒரு தியாகா. பேரைக்கூட முழுதாகச் சொல்லமாட்டார்கள். சனிக்கிழமை மேடையில்தான் நான் நான். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

ரெலிபோனில் வந்த இலக்கங்களைப் பார்த்தேன். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் கிறகரி வீட்டிலிருந்து இரண்டு தரம் வந்திருக்கிறது. யோகராணியைக் கேட்டேன். கிறகரியின் மனைவி அக்னெஸோடு கதைத்ததாம், மீன் குழம்பு பற்றி. இருபது வருடமாக மீன் குழம்பு வைப்பவளுக்கு அதில் என்ன சந்தேகம்?

மார்ச் 23, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

தேத்தண்ணி எடுக்க கிறகரி மேலே போன நேரம் கீபோட்டில் இருந்த அவனுடைய கொப்பியைத் திறந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஓர் எண். ஷெரோன் பாட்டுகளுக்கெல்லாம் பூச்சியம். என் பாட்டுகளுக்கு? கழித்தல் இரண்டு, கழித்தல் இரண்டு. நான் கடைசியில் பாடும் பாட்டுக்குக் கழித்தல் மூன்று, சிவப்புப் பேனையால்!

அந்தக் கீபோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டின் சுருதி கீழே இறங்கும். மூன்று என்றால் நல்லாய் இறங்கும். இறங்கினால் பாட்டு எப்படி இருக்கும்? நனைந்த மத்தளம் மாதிரி இருக்கும். சனம் ஏன் ஜக்கெற்றைத் தேடாது? கூடவே இருந்து, சிரித்துச் சிரித்து, தேத்தண்ணியும் தந்து... எவ்வளவு காலமாய் இது நடக்குது? ஆர் செய்யச் சொன்னது? அருமைராசாவோ? அவளோ?

கொப்பியை மூடி வைத்துவிட்டு அவன் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் அழிப்பான். அழித்தால் சாட்சி போய்விடும். மேடையில் வைத்துத்தான் இதற்கு முடிவு கட்ட வேண்டும்.

தொண்ணூற்றைந்தில் பதிவு செய்த கசெற்றைக் காரில் போட்டுக் கேட்டேன். என்ன துலக்கம்! சரணத்தில் மேலே போகும் இடத்தில் எனக்கே மயிர் சிலிர்த்தது. இந்தத் துலக்கத்தைத்தான் என்னிடமிருந்து களவெடுத்திருக்கிறார்கள். கூடப் பாடிப் பார்க்கவில்லை. என் பாட்டை நான் எதற்குப் பாடிப் பார்க்க வேண்டும்?

மே 18, ஞாயிறு, காலை

எழுதத்தான் வேண்டும். கை வரவில்லை. ஆனாலும்.

நேற்று மண்டபம் நிறைந்த சனம். ஷெரோன் பாடி முடிக்க எழுந்து நின்று தட்டினார்கள். எண்ணூறு கை. என் முறை வந்ததும் நேரே கிறகரியிடம் போனேன். குனிந்து காதில் சொன்னேன், எல்லாம் எனக்குத் தெரியும், பூச்சியத்தில விடு என்று.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணை, வேண்டாம். இண்டைக்கு மட்டும் வேண்டாம்."

களவு பிடிபட்டவனின் முகம் என்றே நினைத்தேன். பொத்தானை நானே அழுத்தினேன்.

பல்லவி நன்றாக வந்தது. ராசா மாதிரி நின்றேன். முதற் சரணத்தில் மேலே போகும் அந்த இடம் வந்தது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. குரல் இல்லை. முன் வரிசையில் ஒரு கிழவர் தலையைக் குனிந்தார். பாட்டு என்னை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அந்த வரி கேட்டது. மேடையின் ஓரத்தில் ஷெரோன் பாடினாள். நன்றியுரை சொல்வதற்காக மைக்கோடு நின்றவள். அந்த ஒரு வரியை மட்டும் பாடி, இறக்கி, என் கையில் தந்துவிட்டு நிறுத்தினாள். இரண்டாம் சரணத்திலும் அதே இடம் வந்தபோது என்னைப் பார்த்தாள். நான் மைக்கைக் கீழே இறக்கினேன். பாடினாள்.

சனம் இதை நாங்கள் பேசி வைத்துச் செய்ததென்று நினைத்தது. பத்து வருடத்தில் அப்படிக் கைதட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் அழுகிறார் என்று அருமைராசா ஒலிபெருக்கியில் சொன்னார்.

மே 18, பின்னேரம்

கார் நிறுத்துமிடத்தில் கிறகரி சொன்னதை நேற்று நம்பவில்லை. மேல் சுருதி எனக்கு எட்டாதென்று இரண்டரை வருடமாகக் குறைத்துத்தான் வாசிக்கிறானாம், கொஞ்சம் கொஞ்சமாக. ராணியக்காதான் கேட்டவவாம்.

காலையில் யோகராணியிடம் கேட்டேன். துவைத்த உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ரெண்டாயிரமாம் ஆண்டு மார்கழி நிகழ்ச்சி ஞாபகமே? அண்டைக்கும் உங்கட குரல் உடைஞ்சது. எனக்குப் பின்னால இருந்த சனம் சிரிச்சது. நீங்கள் தடிமன் எண்டு சொன்னியள், நானும் ஓம் தடிமன் எண்டன். அடுத்த நாள் கிறகரிக்கு எடுத்தனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பியளே? ஆரோ என்னை ஏவி விட்டிருக்கினம் எண்டுதான் சொல்லியிருப்பியள்."

ஓம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மே 20, செவ்வாய்

வேலைக்குப் போனேன், வந்தேன். காரில் ஒன்றும் போடவில்லை.

யூன் 8, ஞாயிறு

யார் யாருக்குத் தெரியும் என்று கணக்கெடுத்துப் பார்த்தேன். கித்தார் வாசிப்பவனுக்குத் தெரியாமல் சுருதி குறைக்க முடியாது, ஆகவே அவனுக்குத் தெரியும். அக்னெஸுக்குத் தெரியும். அருமைராசாவுக்குத் தெரியாமல் ஒரு குண்டூசியும் விழாது. ஒரு ஊரே கூடி என்னைக் காப்பாற்றியிருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. இதைச் சதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆனால் யாரோடு கோபிப்பது என்றும் தெரியவில்லை.

ஷெரோனுக்கு எடுத்தேன். ஓரத்தில் நிற்கச் சொன்னது கிறகரிதானே என்று நேரடியாகக் கேட்டேன். இல்லையாம். நான் பாடும்போதெல்லாம் அவள் அங்கேதான் நிற்பாளாம். ஒவ்வொரு சொல்லுக்கும் என் வாய் எப்படிப் போகிறது என்று பார்த்துப் பழகுகிறாளாம், எழுத்தில் பார்த்து அவளுக்கு விளங்காதாம். அதனால் என் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடமாம். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அகப்படவில்லை.

ரெலிபோனை வைக்குமுன் ஏக்கம் என்றால் என்ன என்று சொன்னேன். நல்லாய்ச் சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

யூன் 13, வெள்ளி

மதிய இடைவேளையில் கிடங்கின் பின்பக்கம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த வரியைப் பாடிப் பார்த்தேன். மூன்று தரம். மூன்று தரமும் அதே இடத்தில் உடைந்தது. கூட வேலை செய்யும் கிழவன் ஒருவன் கண்ணாடியில் தட்டி, சா வா? என்று பிரெஞ்சில் கேட்டான். ஓம், சுகம் என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

ஒக்ரோபர் நிகழ்ச்சிக்கு நானே அருமைராசாவுக்கு எடுத்தேன். ஐந்தரைக்கு நான் பாடுகிறேன், கடைசியில் பிள்ளையை விடுங்கோ என்றேன்.

"என்ன அண்ணை, என்ன திட்டம்?"

ஒரு திட்டமும் இல்லை என்றால் நம்புகிறாரில்லை. இந்தக் கிழமைக்குள் மூன்று தரம் எடுத்துவிட்டார். கடைசி நேரத்தில் வராமல் விடப்போகிறேனா, வேறு குழுவுக்குப் போகப்போகிறேனா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். யோகராணியிடமும் விசாரித்திருக்கிறார். அவளும் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறாள். சந்தேகப்படுகிற ஆட்களோடு இருப்பது எவ்வளவு கரைச்சல்!

ஒக்ரோபர் 19, ஞாயிறு

நேற்று ஐந்தரைக்கு மேடையில் ஏறினேன். ஐந்தரைக்குத்தான். மண்டபத்தில் பத்தொன்பது பேர். ஷெரோன் கடைசியில் என்று தெரிந்ததும் சனம் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. அந்தப் பத்தொன்பதில் நாலு பேர் றோல்ஸ் பொரிக்க வந்தவர்கள்.

கிறகரி என்னைப் பார்த்தான். எத்தனை குறைப்பது என்று வாயால் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான் மைக்கை வாயிலிருந்து எடுக்காமல், எல்லாருக்கும் கேட்க, "கிறகரி, மூண்டு குறை" என்றேன். அவன் குறைத்தான். முழுப் பாட்டையும் பாடினேன், எங்கும் உடையவில்லை. றோல்ஸ்காரர்கள் தட்டினார்கள், கை முழுக்க மாவோடு.

இறங்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்து வருடமாக மேடைக்குப் பின்னால் இருந்தவன், முன்னால் எங்கே இருப்பது? யோகராணி பக்கத்துக் கதிரையிலிருந்து கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். போய் இருந்தேன். மண்டபம் மெல்ல நிறைந்தது. பரதம் வந்தது, நாடகம் வந்தது, அருமைராசாவின் பேச்சும் வந்து, போக மாட்டேன் என்று நின்றது. ஒன்பதே முக்கால் இருக்கும்.

"களைச்சுப் போனியள். வீட்டை போவமா?" என்று கேட்டாள்.

"பொறு. அவள் இன்னும் பாடேல்லை."