பில்ரர் துடைத்த விபூதி

பெப்ரவரி 9

தமிழில் பேசும் கொரிய நாடகம், இன்றைய பாகமும் முடிந்தது. கட்டாரில் வேலை செய்கிற ஜெராட்டும் அதையே பார்ப்பார். சொல்லிவைத்து ஒன்றாகத் தொடங்குவோம். அவருடைய அறையில் நேபாளக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் இதற்குத்தான் காத்திருப்பார்களாம். புருசனும் பெண்சாதியும் சேர்ந்திருப்பது என்றால் எங்களுக்கு இவ்வளவுதான்.

கதாநாயகி எவ்வளவு அழுதாலும் மூக்குச் சிவக்காது. "என்ன தோலப்பா அவளுக்கு!" என்றார் ஜெராட் போனில். எனக்குச் சுள்ளென்றது. "அவனும் பால் மாதிரித்தான் இருக்கிறான்" என்று கதாநாயகனைப் பற்றி நானும் விட்டேன்.

பெப்ரவரி 10

போனில் முகத்தை வெளுப்பாக்கும் பில்ரர் போட்டு வீடியோவில் கதைத்தேன். கருவாடு காயவைத்துக் கறுத்த கறுப்பெல்லாம் போய்விட்டது. "வடிவாயிருக்கிறாய்" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லாத சொல். சந்தோசப்படுவதா, ஆரைச் சொன்னீர்கள் என்று கேட்பதா?

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

கோயிலால் வந்த கையோடு வீடியோ கோல். "நீ இன்னும் விபூதி பூசேல்லையே?" என்றார். கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியில் சாம்பல் சிலுவை அப்படியே இருக்கிறது. பில்ரர் அதையும் ஊத்தை என்று துடைத்துவிட்டது! "முகம் கழுவிப்போட்டன்" என்றேன். விபூதிப் புதனிலும் பொய். "நான் விடியவே பூசிட்டன்" என்றார் பெருமையாக.

மார்ச் 6

பெரிய வெள்ளிக்கு முதல் வாறாராம். வெள்ளையாக்கும் கிறீம் வாங்கிப் பூசினேன். எரிகிறது.

மார்ச் 15

முகம் உரிந்துவிட்டது. வெயிலில் நிற்க ஏலாது, வேலையும் இல்லை. போனுக்குள் மட்டும் வடிவாய் இருக்கிறேன். அந்தப் போனுக்குள்ள இருக்கிறவளில எனக்கு எரிச்சலா இருக்கு. அவர் வாறது அவளைப் பாக்கத்தானே? என்னைப் பாக்க ஆர் வருகினம்?

ஏப்ரல் 1

வந்துவிட்டார். முற்றத்தில் பை இறக்கிய ஆளை எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. கறுத்து, கன்னம் ஒட்டி, நெற்றியெல்லாம் வெயில் தழும்பு. அவரும் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

கிருஷிகா வயிற்றில் இருக்கும்போது போனவர். பிள்ளை என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தாள். "அப்பா போனுக்குள்ள. இது ஆர்?"

"நீங்களும் பில்ரரோ?" என்றேன்.

"நீதானே அவனைப் பால் எண்டனீ."

விபூதிப் புதனன்று அவருடைய நெற்றியும் வெறுமையாகத்தான் இருந்தது. நான் அதைக் கவனிக்கவேயில்லை.

ஏப்ரல் 2

கிருஷிகா இன்னும் கிட்டப் போகவில்லை. முற்றத்துக் கதிரையில் இருந்தபடி வீட்டுக்குள் இருந்த என் போனுக்கு வீடியோ கோல் எடுத்தார். பில்ரர் இல்லை. பிள்ளை போனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகும் போனைப் பார்த்தாள். உரிந்த முகத்தோடு நான் ஒதுங்கி நின்றேன்.

"அம்மாவையும் காட்டு" என்றார்.